மாறிலி

மூன்று எக்ஸ் கனம், கழித்தல் ஐந்து எக்ஸ் வர்க்கம்,
கூட்டல் பதினெட்டு.
பொகவந்தலாவ பஸ்ஸில், மடியில் கொப்பி.

சுட்டியை முன்னால் இறக்கிப் பெருக்கு,
பிறகு மேலே ஒன்றைக் குறை.
குறைத்தேன்; இறக்க மறந்தேன்.
நோர்வூட் வளைவில் பேனை சறுக்கி
பிழையைத் தானே வெட்டியது.

ஒன்பது எக்ஸ் வர்க்கம், கழித்தல் பத்து எக்ஸ்.

"பதினெட்டு எங்கடி?"
எட்டிப் பார்த்தாள் சுகிர்தமலர்.

மாறிலி. அது பூச்சியம்.
எந்த உயரத்தில் நிற்கிறாய் என்று
வகையீடு கேட்பதில்லை;
அந்த இடத்தில் எவ்வளவு செங்குத்து,
அவ்வளவுதான்.

அம்மாவுக்கும் நாளுக்குப் பதினெட்டுக் கிலோ.
பதினேழு நிறுத்தால் அரைப்பேர்.
அடைமழையிலும் அந்த எண் அசையாது.
அதை இவ்வளவு லேசாக
அழிக்க முடியுமா என்ன?

விடைக்குக் கீழே கோடிட்டேன்.
பஸ் முதலாம் கியருக்கு மாறியது.