ஏழாம் இருக்கை

ஆறரைக்கு வண்டி. புதுச்சேரி ரயிலடி எதிரே
பன்னிரண்டு பேர், பதினோரு தண்ணீர் பாட்டில்.
என் வேலை எண்ணுவது; பிறகு சொல்வது.
இடப்பக்கம் பாருங்கள் என்று நான் சொன்னால்
அங்கே ஒரு கோபுரம் இருந்தாக வேண்டும்.

ஏழாம் இருக்கையில் லட்சுமிசோபா சில்பகார்.
ஊர் பக்தபூர். நேவார்.
தம்பிக்கு ஜிப்மரில் மருந்து மாற்றுகிற வாரம்,
ஞாயிறு ஒன்று மிச்சமாம்.
எங்கள் ஊரிலும் இப்படித்தான் கூட்டிப்போவார்கள், என்றாள்.
செங்கல் தெரு, செங்கல் தெரு, ஒரு கோயில்,
பூகம்பத்தில் விழுந்த இன்னொன்றின் படிக்கட்டு.
மேலே இருந்ததை நினைத்துக்கொள்ளுங்கள்
என்பான் கைடு.
அதற்கும் அதே டிக்கெட்தான்.

திருவந்திபுரத்தில் முகூர்த்த நாள்.
மலைப்படி முழுக்க மிதிபட்ட சம்பங்கி.
முப்பத்தோரு ஜோடி எண்ணினேன், அதற்குமேல்
வீடியோக்காரர்கள் மறைத்துவிட்டார்கள்.
குழுவை மேலே அனுப்பிவிட்டு
வழக்கம்போல் உப்பு மிளகு விற்கிற கடையோரம் நின்றேன்.
யாரும் என்னைத் தள்ளி நிற்கச் சொன்னதில்லை.
நாலு வருடமாகக் காலுக்கே தெரியும்
எந்தப் படியில் ஏறக் கூடாதென்று.

அவள் மட்டும் பாதியில் இறங்கி வந்தாள்.
நீ ஏன் ஏறவில்லை?
முட்டி வலி.
பொய் சொல்வது தொழிலில் பழகியதுதான்.
நம்பாமல் நிற்கிறவரை என்ன செய்வதென்று
யாரும் சொல்லித் தரவில்லை.
கெடிலத்தைப் பார்த்துக்கொண்டு
அரை இந்தியில் சொன்னேன்:
நெய்வேலி ரோடு. லாரி. அவர்.

அவள் உப்புப் பொட்டலம் ஒன்று வாங்கினாள்.
சில்லறையை எண்ணி முடித்தபின்
எனக்கு ஏழு வயதில் கல்யாணம், என்றாள்.
மாப்பிள்ளை வில்வக்காய்.
எங்கள் பெண்களுக்கெல்லாம் அப்படித்தான்.
வண்டு குத்தாத, கீறல் விழாத காயாகப் பார்த்து
அப்பா தாரை வார்த்தார்.
பிறகு வந்தவர் இரண்டாவது ஆள்.
அவர் போய் ஆறு வருடம்.
முதல் ஆள் அலமாரியில் இருக்கிறார்.
எப்படி நான் விதவை?

மாமியார் இதை ஒப்புக்கொள்ளவில்லை,
அது வேறு கதை.

பாடலீசுவரரை நடை சாத்துவதற்குள் ஓடிப் பார்த்தோம்.
சாம்பாரில் முருங்கைக்காய் அதிகம் என்று
மூன்றாம் இருக்கை புகார்.
பண்ருட்டி வழியெல்லாம் பலா. ஒருவர் முழுப்பழம் வாங்கி
நடுவழியில் வைத்தார், அதையும் எண்ணிக்கொண்டேன்.

திருவதிகையில் நாலு மணி வெயில்.
முப்புரம் எரிந்த கதையை
நானூறாவது முறையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.
இரண்டாம் கோட்டை எரியும்போது கவனித்தேன்,
ஏழாம் இருக்கை இல்லை.
மதிலோரம் ஒரு வில்வத்தடியில் குனிந்திருந்தாள்.
ஒன்றை எடுத்து, நகத்தால் தட்டி, காதில் வைத்து,
கீழே போட்டாள்.
அடுத்தது.
அடுத்தது.
மூன்றாம் கோட்டையை நான் சரியாக எரிக்கவில்லை.

தேவனாம்பட்டினத்தில் இருட்டப் போகிறது.
இடிந்த சுவரைக் காட்டி மனப்பாடத்தை ஒப்பித்தேன்:
இங்கிருந்து பீரங்கி சுட்டார்கள்,
குண்டு விழுந்த தூரம்வரை கம்பெனிக்குச் சொந்தம்,
அந்த ஊர்களுக்கு இன்றும் குண்டு கிராமம் என்று பேர்.
குண்டு எவ்வளவு பெரிசு? என்றாள்.
தெரியாது, யாரும் கேட்டதில்லை.
பையிலிருந்து எடுத்தாள்: இவ்வளவா?
மஞ்சள் ஏறத் தொடங்கிய பச்சை. கீறல் இல்லை.
கொஞ்சம் கூடக்குறைய, என்றேன்.
வைத்துக்கொள், என்று என் கையில் வைத்துவிட்டு
சுண்டல் வாங்கப் போனாள்.

திரும்பும்போது பன்னிரண்டு பேரும் தூக்கம்.
படிவத்தில் எல்லோரும் நன்று என்று எழுதிவிட்டார்கள்.
ஏழாம் இருக்கை மட்டும் ‘குறை’ என்ற இடத்தில்:
கைடு மலை ஏறவில்லை.

முள்ளோடையில் வேகத்தடை.
என் காலடிப் பையிலிருந்து நழுவி
கியர் பெட்டிவரை போய் முட்டித் திரும்பியது.
என்னக்கா உருளுது? என்றார் சவரியப்பன்,
சாலையிலிருந்து கண் எடுக்காமல்.

ஒண்ணுமில்ல. மாப்பிள்ளை.
மெதுவா ஓட்டுங்க.