தரிப்பிடம்

சுப்பர்மார்க்கெட் ஒன்பதுக்கு மூடும்.
ஷட்டர் இறங்கும் சத்தத்தோடு
கண்ணை மூடிப் பழகியிருந்தேன்.
இப்போது அதுதான் ஆரம்ப மணி.

ஒன்பதே முக்காலுக்கு முதல் ஓட்டோ.
பின்சீட்டைக் கழற்றி எறிந்துவிட்டு
அந்த இடம் முழுக்க ஸ்பீக்கர் ஏற்றியது.
பிறகு இரண்டு மோட்டார் சைக்கிள்.
பிறகு மீன் லொறி, ரிவர்ஸில்,
பீப் பீப் என்று தன்னைத்தானே எச்சரித்துக்கொண்டு.

நடுவில் ஒரு தகர வேலி, அதில் சவ்சவ் கொடி.
தலவாக்கலைப் பனி மலையை மறைக்கும்,
நீர்த்தேக்கத்தை மறைக்கும்,
எதிர்வீட்டு லைற்றை அழுக்குத் துணியாக்கும்.
சத்தத்தை மட்டும்
ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்து
என் தலையணையில் வைக்கும்.

மூன்றரைக்கு நான் எழும்ப வேண்டும்.
நாலுக்குப் பேக்கரி. சூடு ஆறமுன் பாண் ஏற்ற வேண்டும்.

முதலில் மனேஜரிடம் போனேன்.
"மூடின பிறகு அது கடை இல்லை அக்கா, வெறும் நிலம்."
நிலத்துக்காரருக்குக் கொழும்பில் ஒரு நம்பர்.
அது அடிக்கும். அடித்துக்கொண்டே இருக்கும்.

பொலிஸில் என் முறைப்பாட்டைச் சிங்களத்தில் எழுதி
என்னையே வாசிக்கச் சொன்னார்கள்.
அதில் நான் இன்னும் கோபமாக இருந்தேன்.
வெள்ளிக்கிழமை வாசலில் சங்கிலி போட்டார்கள்.
ஞாயிறு இரவு
சங்கிலியில் யாரோ ஊஞ்சலாடினார்கள்.

வாச்சர் ஜினதாச சொன்னார்:
"நான் உள்ளுக்குத்தான் காவல்.
வெளியில் இருப்பது தரை. அதை யார் களவெடுப்பது?"

ஒரு நாள் பன்னிரண்டரை, தூறல்.
கம்பூட்ஸ், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், டோர்ச்.
இரண்டு மொழியிலும் வசை தயார்.
ஐந்து பேர். ஒரு போத்தல், ஒரு பொதி கடலை,
போனட்டில் பாதி வெட்டிய கேக்.
டோர்ச் வெளிச்சத்தில் முகத்தைச் சுருக்கி ஒருவன்,
"ஆ, பாண் அக்கா!" என்றான்.
வசை பாதியில் நின்றது.
"தம்பிமாரே, மனிசர் தூங்க வேண்டாமா?"

ஒல்லியானவன், ஹெல்மெட்டைக் கழற்றாமலே, மெதுவாக:
"அக்கா, கராஜ் முடிய எனக்கு ஒன்பது.
படுக்க ஒரு மணி.
அஞ்சரைக்கு உங்கட ஓட்டோ, அந்த டிங் டிங் டிங் டிங்.
எங்கட லயத்து வளைவில் மூணு தரம்.
உங்களுக்கு ஏசாம நான் ஒருநாளும் எழும்பினதில்ல."

மற்றவர்கள் சிரித்தார்கள்.
மீன் லொறிக்காரன் மட்டும்,
"ஆனா மாலு பணிஸ் நல்லம்" என்றான்.
என் டோர்ச்
ஈரத் தரையில் எதையோ தேடுவதுபோல் அலைந்தது.
கேக் தந்தார்கள். சாப்பிட்டேன்.
ஐசிங்கில் மழை விழுந்து உப்புக் கரித்தது,
அல்லது அது மீன் லொறிக்காரன் கை.

அடுத்த விடியல்
லயத்து வளைவில் மெட்டை நிறுத்தினேன்.
ஏழு பாண் மிச்சம்.
மறுநாள் ஒரே ஒரு தரம் விட்டேன்.
அன்றிரவு ஸ்பீக்கரும் ஒரே ஒரு பாட்டு,
கதவைச் சாத்திக்கொண்டு.
நாலு நாள் இப்படிப் போனது.
ஐந்தாம் நாள் யாருக்கோ வேலை நிரந்தரமாம்;
மறுபடி ஒரு மணிவரை.
நானும் விடியலில் மூன்று தரம் விட்டேன்,
மூன்றாவதைக் கொஞ்சம் நீட்டி.

இன்னொன்று சொல்லவில்லை.
பொலிஸிலும் சொல்லவில்லை.
என் ஒழுங்கையில் ஓட்டோ திரும்பாது.
மூன்றரை மணிக்கு,
போத்தல் மூடிகள் டயரில் நசுங்க,
சங்கிலியைக் கழற்றி
நானும் அந்த நிலத்தில்தான் வளைத்து எடுக்கிறேன்.
எஞ்சின் குளிரில் இருமும். நாலு தரம் இழுக்க வேண்டும்.

கண்ணாடிக்குப் பின்னால் ஜினதாச,
தூக்கம் கெட்டு எழும்பி,
யாருக்கோ சிங்களத்தில் ஏசுகிறார்.