நாலாவது கோடு

மின்விசிறி வந்த அட்டையில்
ஆறு மாசத்துக்கு ஒரு கோடு,
ஒன்பதுக்கு அதைச் சுற்றி இன்னொன்று.
பிறந்தநாளுக்கு மூன்றாவது.
நாலாவது, அட்டையைத் தாண்டுகிறது.

நிக்கமாட்டுக்கான் கவுஸ்.
இஞ்சுடேப்போடு அடுக்களைக்குள் ஓட்டம்.
தூங்கினபிறகு
தொடையைச் சாணால் அளந்தேன்.

மேலப்பாளையம் பஜாரில் எடுத்தது,
அவர் கட்டிக் கட்டி மெத்தென்றான
நீலக்கட்டச் சாரம்.
நாலு மடிப்பு, நடுவில் பழைய துவாலை.
தடிப்பில் ஊசி முறிய
மைனியிடம் பதினெட்டாம் நம்பர் கடன்.

ராத்திரி தம்மாமிலிருந்து வீடியோவில்:
“எவ்வளவு வளந்திருக்கான்?”
பழையதைப் புதியதன்மேல் விரித்துக் காட்டினேன்.
ஓரத்தில் மூணு விரக்கடை மிச்சம்.

பேச்சில்லை.
மூக்கை உறிஞ்சினார், சளியோ என்னவோ.
பிறகு,
“ஏட்டி, அது என் சாரம்லா?”

“இன்னொண்ணையும் வெட்டணும்” என்றேன்.