பதினொரு நிமிடம்

பருவம் தொடங்கேக்க வாடைக்காத்து.
கார்த்திகை மழை விடாமல் பெய்து
கிழக்குக் கோல்வாயிலை முழங்கால் தண்ணி.
வாளியாலை அள்ளி ஊத்தினம்,
நானும் றெமீசியஸும்.
அவன் முதலாம் கோல்காப்பாளன், நான் இரண்டாம் ஆள்.
தண்ணி அள்ளுறதிலை மட்டும்
இரண்டு பேரும் ஒரே தரம்.

பத்துக் கழகம், பதினெட்டு ஆட்டம்,
நாட்டின்ரை முதலாம் பிரிவு.
முதல் கிழமை பேப்பரிலை
எங்கடை கழகத்தின்ரை பேரைப் பிழையாய்ப் போட்டாங்கள்.
அடுத்த கிழமை நாலு கோலாலை தோத்தம்,
சரியாய்ப் போட்டாங்கள்.

வெள்ளி இரவு எட்டரைக்கு பஸ் வெளிக்கிடும்.
முறிகண்டியிலை நிப்பாட்ட
வாகீசன் இறங்கித் தேங்காய் உடைப்பான்,
குருநகர்ப் பெடியள் கச்சான் வாங்குவாங்கள்.
கோது காலுக்குள்ளை நொறுங்க நொறுங்க
வவுனியா போகும், மதவாச்சி போகும்,
விடியக் களுத்துறையிலை
உப்புக்காத்து வேறை மாதிரி மணக்கும்.
எங்கடை கடலிலை கச்சான் எண்டாலும் காத்துத்தான்.
அது எப்ப திரும்பும் எண்டு எனக்குத் தெரியும்.
உயரப் போற பந்து எங்கை விழும் எண்டும் தெரியும்.
தெரிஞ்சுகொண்டு இருந்தன்,
வாங்கிலை.

கோல் வாங்கிறது அவன்,
வாங்கிலை இருக்கிறது நான்.
இந்தப் பகிடியை மார்கழியிலை ஒருக்காச் சொன்னன்.
பஸ்ஸிலை ஒருத்தரும் சிரிக்கேல்லை,
அண்டைக்கு ஐஞ்சு வாங்கியிருந்தம்.

ஒவ்வொரு மைதானத்திலையும்
ஆட்டம் தொடங்க முதல் றெமீசியஸ்
கோல்வாயின்ரை நடுவிலை நிண்டு
குதியாலை ஒரு கோடு கீறுவான்,
சிலுவை போட்டுக்கொள்ளுவான்.
நான் கம்பத்துக்குப் பின்னாலை
உடம்பைச் சூடாக்கிக்கொண்டு நிப்பன்,
ஆருக்காக எண்டு தெரியாமல்.

மாத்தறையிலை கம்பிவேலிக்கு அங்காலை ஒரு சின்னப் பொடியன்
என்ரை பேரைச் சிங்களத்திலை கேட்டான்.
டன்ஸ்ரன் எண்டன்.
அவன் திருப்பிச் சொன்னது வேறை ஏதோ பேர்.
பறுவாயில்லை,
அந்தப் பருவத்திலை பேர் சொல்லி
என்னைக் கூப்பிட்டது அவன் மட்டும்தான்.

மாசியிலை இரண்டு வெற்றி.
ஐஸ் வாடியிலை விடியப்புறம் மூண்டு மணிக்குக்
கட்டி உடைக்கேக்க
சம்மாட்டி புள்ளிப் பட்டியலை
என்னை விட வடிவாய்ச் சொன்னார்:
கடைசி ஆட்டம் வெண்டால் நிப்பியள்,
சமநிலை எண்டால் கீழை.

பங்குனி. சனம் மதிலிலும் ஏறி நிண்டது.
எழுபத்தொன்பதாம் நிமிடம்
றெமீசியஸின்ரை தோள் கம்பத்திலை மோதிச்சுது.
சத்தம் வாங்கு மட்டும் கேட்டது.
அவனைத் தூக்கிக்கொண்டு போக
அவன்ரை கையுறைச் சூடு ஆற முதல்
நான் உள்ளை போனன்.

அவன் கீறின கோடு இருந்தது.
அதிலை நிக்கேல்லை,
ஒரு சாண் வலப்பக்கம் தள்ளி நிண்டன்.

பிறகு, ஒண்டும் நடக்கேல்லை.
எங்கடை ஒன்பது பேரும், பத்துப் பேரும்
அந்தக் கரையிலை முட்டிக்கொண்டு நிண்டினம்.
மூலையடி, மூலையடி, தலையாலை ஒண்டு வெளியிலை.
என்ரை பக்கம் வெறும் புல்லு,
ஒரு காகம்,
ஆரோ விட்ட தண்ணிப் போத்தில்.
ஒருக்கா வாகீசன் பின்னுக்குத் தட்டினான்,
காலாலை நிப்பாட்டித் திருப்பிக் குடுத்தன்.
அவ்வளவுதான் பந்து.

விசில்.
சுழியத்துக்குச் சுழியம்.
மதிலிலை நிண்ட சனம்
இறங்கேலாமல் இறங்கிச்சுது.

பருவ முடிவிலை சங்கம் அனுப்பின தாளிலை
என்ரை வரி இருக்கு:
ஆட்டம் ஒண்டு. நிமிடம் பதினொண்டு.
வாங்கின கோல் இல்லை.
அந்தப் பிரிவிலை அப்பிடி இருக்கிற காப்பாளன்
நான் ஒருத்தன்தான்.

ஆசுபத்திரியிலை றெமீசியஸ்
கட்டுப்போட்ட கையோடை இருந்தான்.
பிஸ்கற் பெட்டியைக் கதிரையிலை வைச்சன்.
அவன் கனநேரம் காத்தாடியைப் பாத்தான்.

‘ஏன்ரா கோட்டிலை நிக்கேல்லை?’

‘அது நடுவிலை இல்லை.’

‘எப்ப கண்டனி?’

பிஸ்கற் பெட்டியின்ரை மூலையை
நகத்தாலை உரிச்சுக்கொண்டிருந்தன்.

‘கார்த்திகையிலை,’ எண்டன்.