கணக்கெடுப்பு

இரண்டு மாதத்துக்கொரு முறை
வெள்ளை அட்டையில் எண் எழுதுவது என் சம்பளம்.
அதே பேனாவால்
இடது உள்ளங்கையில் ஒரு சொல் எழுதிக்கொள்வது
எனக்கு நானே போட்டுக்கொண்ட ஓவர்டைம்.

தேன்கனிக்கோட்டை செக்‌ஷனில்
மீட்டர்கள் எல்லாம் ஒரே மொழிதான் பேசும்.
அதன் கீழே நிற்பவர்கள் அப்படியில்லை.
சுவரில் ஓடும் ஓணானுக்கு
இந்தத் தெருவில் தொண்ட,
ஏரிக்கரை தாண்டினால் ஓதிக்கேத.
ஓணானுக்கு இது எதுவும் தெரியாது,
எல்லாத் தெருவிலும் ஒரே தலையாட்டல்.

கேழ்வரகு உருண்டையைக் காட்டி
இதுக்கு என்ன பேரு என்று கேட்டிருக்கிறேன்.
களி. சங்கட்டி. முத்தெ.
"பசிச்சா சாப்பிடுங்க சாரே, பேரெதுக்கு?"
என்று தட்டை நீட்டியவர்களும் உண்டு.
அந்த வீடுகளில் எதையும் குறித்துக்கொள்ளவில்லை.

ஒசூர் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய மாவட்டப் படம்
அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருக்கிறது.
களிக்குச் சிவப்பு, சங்கட்டிக்குப் பச்சை, முத்தெக்கு ஊதா.
மூன்று பென்சிலும்
பள்ளிக்கூடத்தில் தொலைத்துவிட்டதாக
என் மகள் நம்பிக்கொண்டிருப்பவை.

அந்தப் 'ப' சமாச்சாரம் பஸ்ஸில்தான் பிடிபட்டது.
ராயக்கோட்டை தாண்டி
ஒரு பலகை மாரண்டஹள்ளி என்றது,
நூறடி தள்ளி இன்னொன்று மாரண்டஅள்ளி.
நூறடிக்குள் ஒரு ஹ எங்கே இறங்கிப் போனது?
அதற்கு முன் அது என்னவாக இருந்தது?
பால், ஹாலு.
பூ, ஹூவு.
புலி, ஹுலி.
பாம்புகூட ஹாவு.
புகை...
ஹொகே என்று சத்தமாகவே சொல்லி எழுந்துவிட்டேன்.
ஒகேனக்கல்லில் எத்தனை மீன் தின்றிருப்பேன்,
எத்தனை முறை எண்ணெய் தேய்த்துப் படுத்திருப்பேன்,
புகைக்கல் புகைக்கல் என்று
அவ்வளவு இரைச்சலில் அது சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
உதடு ஒருநாள் மூட மறந்ததில்
பள்ளி ஹள்ளியாகி
எங்கள் பக்கம் வந்து அந்த மூச்சையும் விட்டு
வெறும் அள்ளி.
"இறங்கணுமா?" என்றார் பக்கத்து சீட்டுக்காரர்.

மூன்று வாரம் ராஜா மாதிரி திரிந்தேன்.
பிறகு கிருஷ்ணகிரி நூலகத்தில் ஒரு தடித்த புத்தகம்
அடிக்குறிப்பில், ஒன்றரை வரியில்,
இதைச் சொல்லி
'யாவரும் அறிந்ததே' என்று முடித்திருந்தது.
யாவரும்.
வயர்மேன் சம்பங்கிக்கு போன் போட்டுக் கேட்டேன்,
உனக்குத் தெரியுமா?
"கம்பத்து மேல இருக்கேன்,
அப்புறம் பேசு."

கோடு போடுவதுதான் சங்கடம்.
சிவப்பு முடிந்து ஊதா தொடங்கும் இடம் தேடி
அஞ்செட்டி ரோட்டில் கடைசி இணைப்புவரை போனேன்.
முனிரத்னம்மா வீடு.
அடுப்புக்கு ஒரு பாஷை, மாட்டுக்கு ஒரு பாஷை,
பெங்களூரு மகனுக்கு எல்லாம் கலந்து இன்னொன்று.
மாட்டை மட்டும் ஏன் தெலுங்கில் திட்டுகிறீர்கள் என்றேன்.
"வாங்குன சந்தை அப்படி.
அதுக்கு அதான் உறைக்கும்."

பென்சிலைக் காதில் செருகி
ஸ்டூல் போட்டு ஏறி மீட்டரைப் பார்த்தேன்.
கீழே அவள் சிரித்தாள்.
"ஊரெல்லாம் கேக்குறீங்க.
நீங்க எண்ணுறது அப்படியே எங்கம்மா மாதிரி."
என்ன எண்ணினேன்?
"நாலுகு, ஏடு, ரெண்டு, ஒக்கட்டி."

எல்லாப் படிவத்திலும் தமிழ் என்று எழுதியவன்.
கனவு தமிழில், கடன்பாக்கி தமிழில்.
நாக்குக்கு அடியில் யாரோ உட்கார்ந்து
பதினெட்டு வருஷமாக
வேறு பாஷையில் ரீடிங் எடுத்திருக்கிறார்கள்.
வழியில் வண்டியை நிறுத்தி
ஒரு புளியமரத்தடியில் எண்ணிப் பார்த்தேன்.
இப்போது தமிழில்தான் வந்தது.
யாரும் கேட்கும்போது வராது போல.

இரவு அலமாரியைத் திறந்தேன்.
அத்தனை ஊரிலும் புள்ளி,
எங்கள் தெருவில் மட்டும் இல்லை.
எந்த வீட்டிலும் கேட்ட கேள்வியை
இந்த வீட்டில் நான் கேட்டதில்லை.
"கை கழுவிட்டு வாங்க, ஆறுது" என்றாள் மனைவி.

அப்போதுதான் ஞாபகம் வந்தது,
முனிரத்னம்மா அட்டையில் எண்ணை எழுதவே இல்லை.
உள்ளங்கையில் இருக்கிறது,
நாலும் எழுத்தில், தமிழ் எழுத்தில், தெலுங்காக.
இது இடது கைதானே என்றேன்.