மாறிலி

கோயமுத்தூர் மில்லில் இரண்டு வருஷம்.
பகலில் நூல், ராத்திரி பி.ஏ.
பொருளியல் என்று அட்டையில் இருந்தது.
வகுப்பில் பாதிப்பேர் உட்கார்ந்தபடி தூங்கினோம்.
பிறகு மில்லை மூடினார்கள்.
மாற்றுச் சான்றிதழில் நடத்தை: நன்று.

பாளையங்கோட்டைக் கல்லூரியில்
மூன்றாம் ஜன்னலுக்குப் பின்னால் தாணப்பன்.
என் பழைய பாடத்திட்டத்தையும்
அவர்களுடையதையும்
இரண்டு வேட்டிக் கரையை ஒட்டிப் பார்ப்பதுபோல்
மேஜையில் விரித்து,
அடிஸ்கேலை வைத்து வரிவரியாக இறங்கினார்.
தமிழ், சரி.
நுண்ணினப் பொருளியல், சரி.
இந்தியப் பொருளாதாரம், ம்ம், சரி.
கணிதத்தில் ஸ்கேல் நின்றது.

“உலகம்மா, நீ படிச்சது வணிகக் கணிதம்லா.
வட்டி, தள்ளுபடி, கூட்டுப்பங்கு.
இங்க பொருளியலுக்கான கணிதம், ரெண்டு தாளு.
வகையீடு வேணும் தொகையீடு வேணும்.
நூத்துக்கு எழுவத்தஞ்சு பொருந்தணும் பாத்துக்கோ,
உனக்கு நாப்பத்தொண்ணுதான் வருது.”
நாற்பத்தொன்று எப்படி வந்தது என்று கேட்டேன்.
வரிகளை எண்ணினாராம்.

பிளஸ் டூவில் நான் மூன்றாவது குரூப்.
பெண்பிள்ளைக்குக் கணக்கு எதற்கு என்று
யாரும் சொல்லவில்லை.
கணக்கு வாத்தியார் இடம் அந்த வருஷம் காலி,
அவ்வளவுதான்.

நவம்பரில் இரண்டு தாளையும் எழுதிவிடுகிறேன் என்று
எழுதிக் கொடுத்தேன்.
தாளுக்கு நானூற்றைம்பது ரூபாய்.
ஜெனோபா என்னைவிட மூன்று வயது இளையவள்,
பி.எஸ்ஸி. கணிதம், கோபக்காரி.
பஸ் ஸ்டாண்டில் தருவை பஸ் வரும்வரைக்கும்
டிக்கெட்டின் பின்பக்கத்தில் கோடு போடுவாள்.
“ஏறுதா எறங்குதா, எம்புட்டு வேகமா,
அதான் எளா வகைக்கெழு.
இதுக்குப் போயி ஏன் மூஞ்சிய
இப்படி வச்சுருக்க?”

அன்றைக்குத்தான் தெரிந்தது,
எட்டாவது மணி நேரத்தில்
கூடுதலாக அறுந்த நூல்களுக்காக
சூப்பர்வைசர் எங்களைத் திட்டியது
வகைக்கெழுவை.
அதற்குப் பிறகும் நிறுத்திவைத்த
ஒன்பதாவது மணிக்குப் பெயர்
இறுதிநிலை.
புத்தகத்தில் அதன் விலை ஏறுகிறது.
மில்லில் ஏறவில்லை.
இதை விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் உண்டா
என்று ஜெனோபாவிடம் கேட்டேன்.
“கணக்க மட்டும் போடு.”

ஒரு விதியில் மட்டும் நாலைந்து நாள் நின்றேன்.
மாறிலியை வகையிட்டால் பூச்சியம்.
மாறாமல் இருந்த குற்றத்துக்கு
ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது.
இரண்டு வருஷம் ஒரே ஷெட், ஒரே சத்தம்,
ஹாஸ்டலில் ஒரே மேல்கட்டில்.
தாணப்பனின் ஸ்கேலுக்கு அடியில்
அந்த இரண்டு வருஷம் எந்த வரியிலும் இல்லை.
ஆனால் திரும்பத் தொகையிட்டால்
வால்போல அது வந்து ஒட்டிக்கொள்கிறது,
கூட்டல் சி என்று,
தான் எவ்வளவு என்று சொல்லாமல்.

ஐப்பசி மழையில் ஹால் டிக்கெட் நனைந்து
என் போட்டோவின் கன்னம் ஊதிப்போயிருந்தது.
முதல் தாள் பரவாயில்லை.
இரண்டாம் தாளில் ஏழாம் கேள்வி:
இறுதிநிலைச் செலவிலிருந்து மொத்தச் செலவைக் காண்க.
கண்டேன். இரண்டு முறை சரிபார்த்தேன்.
அடிக்கோடு போட்டேன், ஸ்கேல் இல்லாமல்.

குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில்
பஸ் வழக்கம்போல் நின்றது.
கூட்ஸ் வண்டி, போய்க்கொண்டே இருக்கிறது.
பெட்டிகளை எண்ணினேன்,
முப்பத்தொன்று, முப்பத்திரண்டு…
அப்போதுதான் ஞாபகம் வந்தது.

சி போடவில்லை.

முன்சீட் பெண் திரும்பிப் பார்த்தாள்.
சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
ஜெனோபாவிடம் சொன்னால் கொன்றுவிடுவாள்.
கேட் திறந்தது.
முன்னீர்பள்ளம் தாண்டியதும்
பிசானத்துக்கு நாற்றங்கால் விட்டிருந்தார்கள்,
மழைத்தண்ணீர் வரப்புவரை.
அரை மதிப்பெண் போகும்.
ஒன்றுகூடப் போகலாம்.