விட்ட சொல்

அளுத்கடை நீதிமன்றத்தில் பதினெட்டு வருசம்
சாட்சிக் கூண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.
சிங்களத்தில் கேட்பதைத் தமிழில்,
தமிழில் அழுவதைச் சிங்களத்தில்.
கூட்டாமல் குறைக்காமல் என்று
சத்தியம் செய்துதான் சம்பளம்.

மகரகமவில் யாரும் சத்தியம் கேட்கவில்லை.
மேசையில், தம்பியின் கழுத்திலிருந்து
அரிந்தெடுத்த துண்டின் அறிக்கை.
ஐந்து மாதம் நோகாத கட்டி.
நோகாததால்தான் ஐந்து மாதம்.
பெனியனைப் பிழியலாம் என்று அவன் இரவில் வியர்த்ததை
கொழும்பு வெக்கை என்றோம்.
காற்சட்டை தளர்ந்தபோது
பெல்ட்டில் ஆணியால் புதுத் துளை போட்டோம்.

'ஹொட்ஜ்கின் அல்லாத' என்று தொடங்கியது பெயர்.
இன்னது அல்ல என்று மட்டும் சொல்லும் வாக்குமூலத்தை
எந்த நீதவான் ஏற்பார்?
அப்படியானால் இது என்ன என்றேன்.
டொக்டர் ஒரு மனிதனைக் கீறி
கழுத்தில், கக்கத்தில், கவட்டில் புள்ளி வைத்தார்.
அங்கே காவல் நிற்கும் வெள்ளை அணுக்களில் ஒன்று
சாக மறந்து பெருகுகிறதாம்.

நிணநீர் என்று மொழிபெயர்த்தேன்.
நிணம்,
பள்ளிக்கூடத்தில் போர்க்களப் பாட்டில் படித்த சொல்.
பருந்து கொத்தியது.
அதை அவனுக்குச் சொல்லவில்லை.

பிறகு டொக்டர் சொன்னது இரண்டு வசனம்.
இது வேகமான வகை.
இந்த வகை பலருக்கு மருந்தோடு முழுக்க மாறியும் இருக்கிறது.
நான் இரண்டாவதை மட்டும் சொன்னேன்.

138ஆம் இலக்க பஸ்ஸில்
கிருலப்பனை தாண்டும்வரை சிவகடாட்சம் பேசவில்லை.
கெய்சர் வீதியில் துணி விற்கிறவன்,
அவனுடைய சிங்களம் யார், விலை, கடன்.
டவுன்ஹோலடியில் கேட்டான்:
"வேகம் எண்டு ஒண்டு சொன்னவா.
அதெங்க?"

மறந்துபோனேன்,
வேகம் இரண்டு மொழியிலும் வேகம்தான்.

இருபத்தொரு நாளுக்கு ஒருக்கா, ஆறு தரம்.
முதல் மருந்து ஏறும்போது நடுங்கினான்,
தாதி வேகத்தைக் குறைத்தா.
(அந்தச் சொல்லை அன்று சத்தமாய்ச் சொன்னேன்.)
சிவப்பு மருந்துக்கு மூத்திரம் சிவந்தது.
ஐந்து நாள் குளிசைக்கு நடுச்சாமம் பசித்தது,
கொட்டாஞ்சேனை முழுக்கத் தூங்க
நான் முட்டை அவித்தேன், மஞ்சள் கெட்டியாகுமட்டும்.
தலைமயிர் தலையணையோடு போனது.
கோயில் கூட்டம் வேண்டாம், வெட்டி வைத்த பழம் வேண்டாம்.
காய்ச்சல் முப்பத்தெட்டைத் தொட்டால்
விடியக் காத்திருக்க வேண்டாம்.

மூன்றாம் சுற்றில் தொட்டது.
இரவு இரண்டு மணி, ஓட்டோ,
வெறும் ஹைலெவல் வீதி.
வாட்டுக்குள் தாதி என்னைப் பார்த்துக் கேட்டா.
வாயைத் திறந்தேன்.

அதற்குள் அவனே சொன்னான்,
உண, முப்பத்தெட்டு தசம நாலு, கடைசி மருந்து ஏற்றிப் பத்து நாள்,
எல்லாம் கடைச் சிங்களத்தில்,
இலக்கணம் பிழை,
ஒரு முழம் கூட்டாமல் ஒரு முழம் குறைக்காமல்
துணி அளக்கிற குரலில்.

தாதி ஊசியைத் தேடிப் போனா.
நான் அவனுடைய செருப்பைக்
கட்டிலுக்குக் கீழே தள்ளி வைத்தேன்.